உள்தாழ்ப்பாள்

அந்த அறையில் எண்ணுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. நாற்காலி இரண்டு, இரண்டும் ஒரே உயரம். மேசை ஒன்று. மின்விசிறிக்கு மூன்று இறக்கை. இளநீலத் திரைச்சீலைக்குப் பதினெட்டு வளையம், அதில் ஒன்று கழன்று சும்மா தொங்குகிறது. ஜன்னலுக்கு ஒன்பது கம்பி. கதவு ஒன்று. ஏட்டு சவரியம்மாள் இதையெல்லாம் அறை திறந்த அன்றைக்கே எண்ணி முடித்தாயிற்று. இருந்தும் இப்போது திரும்ப எண்ணினாள், ஏனென்றால் ஏழாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. விசாரணைப் பாரத்தில் மொத்தம் இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம், ஆம், இல்லை. ஏழாவது, கணவர் எப்போதாவது உங்கள் கழுத்தை நெரித்தாரா என்பது. எதிரே உட்கார்ந்திருந்த ஆவுடைச்செல்வி, இருபத்தாறு வயது, கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை, மடியில் ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நெரிக்கலம்மா" என்றாள். அதோடு நின்றிருந்தால் பேனா 'இல்லை'யில் ஒரு டிக் போட்டுவிட்டு எட்டாவதுக்குப் போயிருக்கும். அவள் நிற்கவில்லை. "நெரிக்கல. கைய மட்டும் வச்சுக்கிட்டு எண்ணுவாவ" என்றாள்.

சவரியம்மாள் பேனாவை மூடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. எண்ணுவதை எந்தக் கட்டத்தில் போடுவது? மாவட்டத் தலைமையிடத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தபோது இதைச் சொல்லித் தரவில்லை. முப்பத்திரண்டு பேர் போயிருந்தார்கள், அதில் அவள்தான் மூத்தவள், ஓய்வுக்கு இன்னும் ஒன்றே முக்கால் வருஷம். கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். புகார் சொல்ல வருகிற பெண்ணை முன்னறையில் நாலு பேர் பார்க்க நிறுத்தி வைக்கக் கூடாது. தனியறை வேண்டும். 'ஏளா' என்று கூப்பிடக் கூடாது, 'நீங்க' என்று சொல்ல வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. அவள் சொன்னதை அவள் சொன்ன சொல்லிலேயே எழுதி, அவளுக்கே படித்துக் காட்டி, நகலைக் கையில் கொடுக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த நோட்டு வேதப்புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. பயிற்சி முடிந்து வந்ததும் மகளிர் காவல் நிலையத்தின் பின்பக்கத்துச் சாமான் அறையைக் காலி செய்து, பச்சை பெயின்ட் அடித்து, இந்தத் தனியறையை உண்டாக்கினார்கள். வழக்குச் சாமான்கள் கிடந்த அறை. அரிவாள், அம்மிக்குழவி, மண்ணெண்ணெய் கேன், சீல் வைத்த பொட்டலத்தில் கருகிய சேலை. இரண்டு பூச்சு அடித்தும் சுவரில் அந்த மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. மழை நாளில் மணந்தால் ஈரம் என்று சொல்லலாம். இன்று பங்குனி வெயில், பகல் பதினொன்றே கால், அப்படியும் மணக்கிறது. மற்றவர்களுக்கும் மணக்கிறதா என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

"எது வரைக்கும் எண்ணுவாரு?" என்று கேட்டாள். பாரத்தில் இல்லாத கேள்வி. "மொதல்ல பத்து. பொங்கலுக்குப் பொறவு பதினேழு. போன வெள்ளிக்கிழம இருபத்தாறு." "சத்தமாவா?" "இல்லம்மா, சின்னப் பிள்ளைக்கு ஒண்ணு ரெண்டு சொல்லிக் குடுக்க மாதிரி. நான் முழிக்கையில எண்ணிக்கிட்டு இருப்பாவ. எத்தனையில ஆரம்பிச்சாவன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதத்தான் சொல்லுதேன்." மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிடுக் என்றது. சவரியம்மாள் அதை எண்ணப் போனாள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். எண்ணுவது அவளுடைய சொந்தப் பழக்கம். அதை இப்படி ஒருத்தன் கையில் பார்ப்பது, தன்னுடைய செருப்பை யாரோ முகம் தெரியாதவன் போட்டுக்கொண்டு போவதைப் பார்ப்பது போல இருந்தது. சின்ன வயதில் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையில் தொடங்கியது. அம்மா தூங்கி வழிந்து மணியைத் தவறவிடும்போது இவள்தான், இன்னும் ஆறு இருக்கும்மா என்பாள். பிறகு பள்ளிக்கூடத்துப் படி, பஸ் ஜன்னல், அணிவகுப்பில் முன்னால் போகிறவளின் காலடி. எண்ணிவிட்டால் ஒன்றும் காணாமல் போகாது என்று உள்ளுக்குள் ஒரு துணிச்சல். இருபத்தொன்பது வருஷமாக மகளிர் காவல் நிலையங்களில் எழுத்து வேலை. எழுதிய சமாதானக் கடிதங்களைக்கூட எண்ணித்தான் வைத்திருக்கிறாள், ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. 'பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்துக்கொண்டோம், கணவருடன் சேர்ந்து வாழச் சம்மதிக்கிறேன், மேல் நடவடிக்கை வேண்டாம், இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், சரி.' கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள், ஒரு எழுத்து பிசகாது. அந்த ஆயிரத்து நூற்று நாற்பத்தாறில் இன்றைக்கு எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கு மட்டும் அவளிடம் இல்லை. ஒன்று குறைவு என்பது தெரியும். அந்த ஒன்றைத்தான் எண்ணக் கூடாது, இப்போது கூடாது, எதிரே ஆள் உட்கார்ந்திருக்கிறது.

ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாவதை இன்று பன்னிரண்டு மணிக்குள் எழுதி முடிக்கச் சொல்லி உத்தரவு வந்து பத்து நிமிஷம் ஆகிறது. இன்ஸ்பெக்டர் விடுப்பு. எஸ்.ஐ. இன்பவல்லி கோர்ட்டிலிருந்து போனில் பேசினாள். "அந்தத் தாழ்ப்பாள் கேஸா? காலையில என்கிட்டயும் சொன்னா. அடி இல்ல, வரதட்சண இல்ல, குடி இல்ல. அந்த ஆளு கூட்டுறவு சங்கத்துல கிளார்க்கு, பாத்தா தங்கமான மனுசனா இருக்காரு. வெளியதான நிக்காரு? எழுதி வாங்கி ரெண்டு பேரையும் சேத்து அனுப்பி விட்டுருங்க ஏட்டம்மா. மத்தியானம் எல்லாரும் பந்தோபஸ்து போகணும்." சவரியம்மாள் மெல்ல, "அவங்க சொன்னபடியே எழுதணும்னு புது உத்தரவு இருக்கேம்மா" என்றாள். "அதுக்குத்தான பாரம் இருக்கு, டிக் போட்டு வச்சுருங்க." சரிம்மா என்று சொல்லித்தான் போனை வைத்தாள். சரிம்மா என்று சொல்லாமல் அவள் எந்தப் போனையும் வைத்ததில்லை. வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்து, இருபது கேள்வியில் ஆறைத் தாண்டி, ஏழில் மாட்டிக்கொண்டாள்.

"தாப்பா வெவரத்தச் சொல்லட்டாம்மா?" என்றாள் ஆவுடைச்செல்வி. சொல்லுங்க என்பதற்குள் சவரியம்மாளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலையை ஆட்டினாள். "எங்க வீட்டுல உள்தாப்பா அஞ்சு. மொதல்ல படுக்கிற ரூம்புல கழத்துனாவ, ஆவணியில. கேட்டதுக்குத் துருப்பிடிச்சிருக்கு, மாத்தணும்னாவ. மாத்தல. பொறவு மாசம் ஒண்ணு தவறி ஒண்ணு. சாமான் ரூம்பு, பின்கதவு, அடுப்படி. நேத்து பாத்ரூம்புல. நான் குளிச்சிக்கிட்டு இருக்கையில கதவு தன்னால தொறக்கு, பாத்தா அவிய நிக்காவ. ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் நின்னுட்டு மெதுவாச் சாத்திட்டுப் போயிட்டாவ. ஸ்குரு ஓட்டையில எல்லாம் சோப்ப அடைச்சு வச்சிருக்காவ, வெள்ளையா. வெளித்தாப்பா எல்லாம் அப்படியேதான் இருக்கு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அதுக்கு எண்ண போடுதாவ." மடியிலிருந்த துணிப்பையைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தாள். திருகாணிகள். "குப்பையில பொறுக்கினேன். தாப்பாளுக்கு ஆறு, அஞ்சுக்கு முப்பது. இருபத்தொம்பது கெடச்சிச்சு. ஒண்ணக் காணல." சவரியம்மாள் எண்ணவில்லை. எண்ணாமலே இருபத்தொன்பது என்று தெரிந்தது. சோப்பு. அந்தச் சொல்லைக் கேட்டதும் சுவரின் மண்ணெண்ணெய் வாடை மூக்குக்கு வெகு அருகில் வந்து நின்றது.

நாலு வருஷத்துக்கு முன்னால், சண்முகக்கனி. அப்போது இந்தத் தனியறை கிடையாது, முன்னறை பெஞ்சுதான், ஏழு பேர் உட்காரலாம், அவள் எப்போதும் மூன்றாவது இடத்தில் உட்காருவாள். மூன்று தடவை வந்தாள். முதல் தடவை அடித்தான் என்று வந்தாள், புருஷனைக் கூப்பிட்டு மிரட்டி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை அடிக்கவில்லை, ஆனால் பார்க்கிற பார்வை சரியில்லை என்றாள், சிரித்தார்கள். மூன்றாவது தடவை, அடுப்படித் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டான் என்று வந்தாள். அப்போதிருந்த இன்ஸ்பெக்டரம்மா, "தாழ்ப்பாளுக்கு என்னடி செக்ஷன் போடுறது? ஆசாரியப் போயிப் பாரு" என்றாள். நிலையமே சிரித்தது, சவரியம்மாளும்தான், சத்தம் வராமல், உதட்டை மட்டும் இழுத்து. பிறகு கடிதம் எழுதினாள். சண்முகக்கனிக்கு எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். பேனாவை வாங்கிக்கொண்டு, தாளைப் பார்த்து, "தாப்பா விசயம் இதுல இருக்காம்மா?" என்று கேட்டாள். சவரியம்மாள், "எல்லாம் இருக்கு, போடு" என்றாள். இல்லை. அப்படிக் கூடச் சொல்லவில்லை. "எல்லாம் இருக்குளா, போடு." தாளில் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் எழுதுகிற வழக்கம் இல்லை. நிலையத்து நடைக்கு அது ஒட்டாது, எழுதினால் மேலே இருந்து கேள்வி வரும். அவள் பேரின் ஏழு எழுத்தையும் நிதானமாகப் போட்டுவிட்டுப் போனாள். பதினேழாம் நாள் அடுப்படியில் தீ. வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்ததா என்று யாருக்கும் தெரியாது, அக்கம்பக்கம் வருவதற்குள் புருஷனே திறந்துவிட்டான். விசாரணை நாளில் காவலுக்கு நின்றவள் சவரியம்மாள். கருகிய கதவில் உள்பக்கம் ஆறு ஓட்டை. தீ படாத கீழ் மூலையில் இரண்டு ஓட்டையில் மட்டும் வெள்ளையாக என்னவோ அடைத்திருந்தது. நகத்தால் கிள்ளி மோந்து பார்த்தாள். குளிக்கிற சோப்பு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தன் வீட்டில், தனியாக இருக்கிற வீட்டில், படுக்கும் முன் நாலு தாழ்ப்பாளையும் தொட்டு எண்ணுவாள். நாலு. திரும்ப ஒரு முறை, நாலு. மூன்றாவது முறை எண்ணும்போது ஐந்து வந்துவிடுமோ, மூன்று வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே எண்ணுவாள்.

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வெளியே நிற்கிற இவன் சண்முகக்கனியின் புருஷனாகவே இருந்துவிட்டால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதும் வெட்கமாக இருந்தது. கம்பிகளுக்கு இடையே பார்த்தாள். புங்கமர நிழலில் பைக்கைச் சாத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான் ஆவுடைச்செல்வியின் புருஷன் கோமதிநாயகம். அவனில்லை. அவன் நெட்டை, கருத்த ஆள், காதில் முடி. இவன் குள்ளம், நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவனுக்கும் இவனுக்கும் ஊர் வேறு, சாதி வேறு, தொழில் வேறு, ஒருவரை ஒருவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவனாக இருந்தால் ஒரே ஒருத்தன் என்று முடிந்து போயிருக்கும். அவனில்லாமல் இருக்கிறானே, பிறகு சோப்பை இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எங்கே வைத்துக் கற்றுக்கொள்கிறார்கள், எந்தப் பள்ளிக்கூடம் அது, எத்தனை பேர் படிக்கிறார்கள்? கோமதிநாயகம் பைக் பெட்டியைத் திறந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்தான். நிலையத்தின் இரும்புக் கேட்டுக்குப் போய், குனிந்து, கீல்களில் சொட்டுச் சொட்டாக விட்டான். மேலே ஒன்று, கீழே ஒன்று. கேட்டைத் திறந்து சாத்தினான், திறந்து சாத்தினான். நாலு வருஷமாக யார் வந்தாலும் போனாலும் கழுத்தறுத்த கோழி மாதிரி கத்துகிற கேட், சத்தமே இல்லாமல் போய்ப் போய் வந்தது. பிறகு அவன் நிமிர்ந்து, நேராக இந்த ஜன்னலைப் பார்த்துச் சிரித்தான். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்தவன் சிரிக்கிற மாதிரி, ஒரு குறையும் சொல்ல முடியாத சிரிப்பு.

கதவைத் திறந்துகொண்டு கான்ஸ்டபிள் அனுசுயா வந்தாள், கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். "ஏட்டம்மா, ஒங்களுக்கு வடை. அந்த அண்ணன் எல்லாருக்கும் வாங்கிட்டு வந்திருக்காரு. கேட்டுக்கும் எண்ண போட்டாச்சு, இப்படி ஒரு எதிர்க்கட்சிய நான் பாத்ததே இல்ல. எனக்கு வாய்ச்சவருக்கு வீட்டு மிக்ஸியக் கழுவத் தெரியாது!" என்று சிரித்தவள், மேசைமேல் திருகாணிக் குவியலைப் பார்த்து நிறுத்தினாள். "எத்தன வடை வாங்கினாரு?" என்று கேட்டாள் சவரியம்மாள். "ஆறு. கரெக்டா ஆறு. நாங்க அஞ்சு பேரு, நீங்க ஒண்ணு." "இவங்களுக்கு?" அனுசுயா ஆவுடைச்செல்வியைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். "அட, ஆமா. விட்டுட்டாரு போல." ஆவுடைச்செல்வி விரலால் ஒரு திருகாணியை வரிசையில் சேர்த்து வைத்தாள். விட்டுப் போகவில்லை என்று சவரியம்மாளுக்குத் தெரியும். எண்ணுகிறவர்கள் எதையும் விட்டுவிட மாட்டார்கள். இருக்கிறவர்களை எண்ணினான், ஆறு வந்தது. இவள் அந்தக் கணக்கில் இல்லை. அவனுடைய கணக்கில் இவள் ஏற்கெனவே இல்லை.

வடையைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தாள். அனுசுயா போனதும் கதவு பாதி திறந்தபடி நின்றது. பன்னிரண்டு மணிக்கு மில் சங்கு ஊதும், அதற்கு இன்னும் இருபத்திரண்டு நிமிஷம். பழையபடி ஒரு தாளை எடுத்து, படிக்கச் சொல்லிக் கேட்டேன் சரி என்று எழுதுவதற்கு நாலே நிமிஷம் போதும். எழுதிக் கொடுத்தால் இவள் அந்த பைக்கின் பின்னால் உட்கார்ந்து, கத்தாத கேட்டைத் தாண்டிப் போவாள். இருபத்தாறுக்குப் பிறகு எத்தனை? முப்பதா? காணாமல் போன முப்பதாவது திருகாணி எங்கே இருக்கிறது, அவன் சட்டைப் பையில் இரண்டு பேனாவுக்கு அடியிலா? சண்முகக்கனி சுவரோரம் நிற்பது போல இருந்தது, பச்சை பெயின்ட்டுக்கு உள்ளே, பேசாமல், பேனாவுக்குக் கை நீட்டினபடி. தாப்பா விசயம் இருக்காம்மா. எப்போதோ பதவி உயர்வுப் பரீட்சைக்கு உருப்போட்ட ஒரு வரி நினைவில் தட்டியது. நிலையத்தில் மேலதிகாரிகள் இல்லாத நேரத்தில், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்டவர் எவர் அங்கே இருக்கிறாரோ அவரே நிலையப் பொறுப்பு. அந்தக் கேள்விக்கு இரண்டு மதிப்பெண், அவளுக்கு இரண்டும் கிடைத்தது. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளாவது அது தன்னைப் பற்றிய வரி என்று தோன்றியதில்லை. போனை எடுத்து முன்னறைக்கு அடித்தாள். "அனுசுயா, கம்ப்யூட்டரத் தொறந்து வை. வாக்குமூலம் எழுதிக் கொண்டாரேன், எஃப்.ஐ.ஆர். நம்பர் போடணும்." "ஏட்டம்மா? எஸ்.ஐ. அம்மா பேசி அனுப்பச் சொன்னாங்களே." "அவங்க வார வரைக்கும் ஸ்டேஷனுக்கு நான்தான் பொறுப்பு. அந்த ஆள முன்னால பெஞ்சுல உக்கார வச்சுக்கோ. எங்கயும் விடாத." "அவரு இங்க இல்லையேம்மா. இப்பத்தான் இருந்தாரு. கேட் சத்தமும் கேக்கலயே."

சவரியம்மாள் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தியதும் கை தானாக மேலே போயிற்று. மேலே இல்லை. நடுவில் தடவினாள், இல்லை. குனிந்து கீழே பார்த்தாள். சாமான் அறைக்கு உள்தாழ்ப்பாள் எதற்கு, வெளியே பூட்டுகிற கொண்டி ஒன்று போதாதா. பெண்கள் பயமில்லாமல் பேசுவதற்கென்று பெயின்ட் அடித்து, திரை மாட்டி, ஒரே உயரத்தில் நாற்காலி வாங்கிப் போட்ட அறைக்கு உள்ளே சாத்திக்கொள்ள வழியில்லை. நாற்பத்தோரு நாளாகத் தினம் வந்து திரை வளையத்தை எண்ணியவள், கதவு ஒன்று என்று எண்ணியதோடு போய்விட்டாள். "நான் வந்த ஒடனே பாத்தேம்மா" என்றாள் ஆவுடைச்செல்வி தாழ்ந்த குரலில். "சொன்னா நீங்களும் சிரிப்பியளோன்னு இருந்தேன்."

அப்போது கதவு தட்டப்பட்டது. ஒரு விரலால், இரண்டு தட்டு. "மேடம், முடிஞ்சுதா? வெயில் உச்சிக்கு வாரதுக்கு முன்ன கெளம்பினா அவளுக்கும் நல்லது." தேனில் தோய்த்த குரல். கதவு ஒரு விரல்கடை அளவு உள்ளே வந்தது, வெளிச்சம் ஒரு கோடாகத் தரையில் விழுந்தது. சவரியம்மாள் தன் நாற்காலியைத் தரையோடு இழுத்து, கதவில் சாத்தி, கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். ஐம்பத்தெட்டு வயசு உடம்பு, எழுபத்தொரு கிலோ. கதவு போய்ச் சட்டத்தில் உட்கார்ந்தது. பாரத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கோடு போட்ட தாளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். "சொல்லுங்க" என்றாள். முதல் தடவையாக அந்தச் சொல் வாயில் இடறாமல் வந்தது. "மொதல்ல இருந்து சொல்லுங்க. ஒங்க பேச்சுலயே எழுதுதேன்." ஆவுடைச்செல்வி சொன்னாள். இவள் எழுதினாள். கழுத்தில் வைத்த கை, வலது கை. பத்து, பதினேழு, இருபத்தாறு. எண்ணெய். சோப்பு. முதுகுக்குப் பின்னால் கதவு ஒரு முறை அழுந்தியது, அவசரமில்லாமல், எவ்வளவு கனம் என்று பார்ப்பது போல. விட்டது. திரும்ப அழுந்தியது. பிறகு ஒன்றும் இல்லை. போய்விட்டானா, நிற்கிறானா? எண்ணெய் போட்ட கேட் சொல்லாது. யாரோ மெல்ல எண்ணுகிற மாதிரி கேட்டது, ஒண்ணு, ரெண்டு, மூணு. காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். தன்னுடைய உதடுதான். அதை அழுத்தி மூடினாள். எழுதி முடித்தபோது நாலு பக்கம். மில் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. முன்னறையிலிருந்து அனுசுயாவின் செருப்புச் சத்தமும், "ஏங்க, ஒங்கள அங்க யாரு போகச் சொன்னா? வந்து பெஞ்சுல உக்காருங்க" என்ற அதட்டலும் வந்தன. அதற்குப் பதில் எதுவும் கேட்கவில்லை. சவரியம்மாள் எழுந்திருக்கவில்லை. பேனாவை நீட்டினாள். ஆவுடைச்செல்வி வாங்கிக்கொண்டு, தாளைப் பார்த்து, அவளைப் பார்த்தாள்.

"தாப்பா விசயம் இதுல இருக்காம்மா?"

சுவரோரம் நின்றவளும் அதையே கேட்டாள். சவரியம்மாள் தாளைத் திருப்பி வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கதவுக்கு வெளியிலும் கேட்கட்டும் என்று, வாழ்நாளில் இல்லாத சத்தத்தில் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். "எங்க வீட்டுல உள்தாப்பா அஞ்சு இருந்திச்சு. இப்பம் ஒண்ணும் இல்ல."